விடியலுக்கு முந்தைய மைதான வேலை: தை முதல் வைகாசி வரை ஒரு பருவம் போகலாமா?

மூலக்கடைக்காரன் | ஜனவரி 6, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 26 வயது. டிப்ளமோ முடித்து அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆர்டர் குறைந்ததால் தீபாவளிக்குப் பிறகு எங்களில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தனியார் மைதானத்தில் பருவ வேலைக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். நேற்று போய்ப் பேசிவிட்டு வந்தேன். பொங்கல் கழிந்ததும் தொடங்கி மே மாதக் கடைசி வரை வேலை. காலை 4.30 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும், 10.30-க்கு விடுவார்கள். சனி, ஞாயிறு கட்டாயம், செவ்வாய்க்கிழமை விடுமுறை. நாள் கூலி, வாரக் கடைசியில் கையில் பணம். ஒரு பக்கம் கிரிக்கெட், மறுபக்கம் கால்பந்து. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாமும் உண்டு.

நான் வியாசர்பாடியில் வளர்ந்தவன். பத்தாம் வகுப்பு வரை வெறுங்காலில் பந்து ஆடியவன். ஆகவே மைதானம் எனக்குப் புதிதல்ல. ஆனால் அதைப் பராமரிக்கிறவர் என்ன செய்கிறார் என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை என்பது நேற்றுதான் உறைத்தது. அந்த நேரத்து வேலையை உடம்பு தாங்குமா, இதில் தொழில் என்று சொல்லிக்கொள்ளும்படி கற்றுக்கொள்ள ஏதேனும் உண்டா, ஜூன் மாதம் பிறந்தால் என்ன செய்வது என்பவற்றை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். பத்து மணிக்கு மேல் எனக்கு நாள் முழுவதும் ஓய்வாகக் கிடைக்கும் என்பதுதான் இப்போதைக்கு என்னை இழுக்கிறது.

பழைய ரோலர் | ஜனவரி 7, காலை 11.15

தம்பி, 19 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பத்து மணிக்கு மேல் ஓய்வு என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டால் கண் சொருகும். பகலில் தூங்கினால் இரவில் தூக்கம் வராது. மூன்றாம் வாரத்தில் எப்போதும் அரைத் தூக்கத்தில் இருப்பீர்கள். இரவு ஒன்பது மணிக்குப் படுக்கிறவர்களுக்கு மட்டுமே இந்த வேலை சரிப்படும். நம் பக்கத்துத் தெருக்களில் ஒன்பது மணிக்குத் தூங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் அந்த நாலரை மணி யாரோ வதைப்பதற்காக வைத்தது அல்ல. கிரிக்கெட் பிட்சுக்கு முந்தின நாள் மாலையில் தண்ணீர் விடுகிறோம். அது இரவு முழுவதும் களிமண்ணுக்குள் இறங்குகிறது. விடியற்காலையில், மேல்மண்ணும் அடிமண்ணும் ஏறக்குறைய ஒரே ஈரத்தில் நிற்கும் பொழுது ஒன்று வரும். ரோலரை இழுக்க வேண்டியது அப்போதுதான். கட்டை விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது. ஒட்டினால் பொறுத்திருக்க வேண்டும். பள்ளமே விழவில்லை என்றால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். எட்டு மணி வெயில் பட்டுவிட்டால் மேல் தோல் காய்ந்து அடியில் ஈரம் தங்கிவிடும். அந்த நிலையில் உருட்டினால் தோல் அப்பளம் போலத் தனியாகக் கிளம்பிவிடும். மறுநாள் பந்து எந்த உயரத்தில் எகிறும் என்று வீசுகிறவனுக்கே தெரியாது. பிட்ச் என்பது 22 கஜ நீளம், 10 அடி அகலம். இத்தனை சிறிய இடத்துக்குத்தான் இத்தனை பாடு.

தை, மாசியில் இன்னொரு வேலை உண்டு: பனி இழுப்பது. ஒரு நீளமான தடித்த கயிற்றின் இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு மைதானத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு நடப்போம். புல் நுனியில் நிற்கும் நீரைக் கயிறு தட்டிவிட்டுக்கொண்டே வரும். பனியோடு புல் வெட்டினால் மெஷினில் கட்டி கட்டியாக அடைத்துக்கொள்ளும் என்பதால் இதை முடித்துச் சற்று உலரவிட்டுத்தான் மெஷினை எடுக்க முடியும். கயிறு நனைய நனையக் கனம் ஏறும். முழங்கால் வரை பேண்ட் நனைந்துவிடும். செருப்போடு வராதீர்கள், ரப்பர் பூட்ஸ் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கயிறு போன இடம் கரும்பச்சையாகவும் போகாத இடம் ஈயம் பூசியது போலவும் தெரியும். வெளிச்சம் வருகிற நேரத்தில் திரும்பிப் பார்த்தால் நீங்கள் எவ்வளவு வேலை முடித்திருக்கிறீர்கள் என்பது மொத்தமும் கண்முன் கிடக்கும். எனக்கு இந்த வேலையில் பிடித்தது அதுதான்; கூலியைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும்.

இன்னொரு கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரிக் கடைசியில் சென்னையில் சூரியன் ஏறக்குறைய 6.35-க்கு எழும், மே கடைசியில் 5.42-க்கே எழுந்துவிடும். வேலை தொடங்கும் நேரமோ மாறாது. முதல் மாதம் இரண்டு மணி நேரம் இருட்டில் தடவுவீர்கள். கடைசி மாதம் ஒன்றேகால் மணி நேரத்தில் வெயில் முதுகில் ஏறிவிடும்.

கொருக்குப்பேட்டை கேட் | ஜனவரி 7, பிற்பகல் 2.05

பெரியவர் சொன்னவை அனைத்தும் உண்மை. அவர் சொல்லாமல் விட்டவற்றை நான் சொல்கிறேன். இரண்டு பருவங்கள் வேறொரு மைதானத்தில் வேலை பார்த்துவிட்டு வெளியேறியவன் நான். இடத்தின் பெயர் வேண்டாம்.

இருட்டில் முதல் வேலை ரோலரும் அல்ல, கயிறும் அல்ல, பாட்டில் பொறுக்குவது. சனிக்கிழமை இரவு சுவர் ஏறிக் குதித்துக் குடித்தவர்கள் உடைத்துவிட்டுப் போன கண்ணாடியை, ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி ஆட்டத்துக்கு முன் செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு சில்லாக எடுக்க வேண்டும். ஒரு சில்லை விட்டுவிட்டால் சறுக்கி விழுகிற பையனின் முழங்கால் போய்விடும். நான் விட்டதில்லை. ஆனால் பிரஷ் கட்டரில், அதாவது கையில் பிடித்துப் புல் வெட்டும் மெஷினில், ஒரு நாள் நைலான் நூல் ஒரு கல்லைத் தட்டி எறிந்தது. வலது புருவத்தில் நான்கு தையல். ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தார்களா என்று கேட்காதீர்கள். மருத்துவச் செலவைக் கேட்டபோது, நீ எங்கள் ஆளே இல்லை, மேஸ்திரியின் ஆள் என்றார்கள். மேஸ்திரியைக் கேட்டால், சீசன் ஆளுக்கு அதெல்லாம் கிடையாது என்றார்.

ஆகவே சேருவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். அங்கே மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? பொதுவாக 10 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு வரும். பருவ ஆள் என்பதால் மட்டும் உங்களை விட்டுவிட முடியாது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. பிடிக்கிறோம் என்று சொன்னால் உங்கள் ஈஎஸ்ஐ எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாமல் பிடிக்கிற பணம் யார் பைக்குப் போகிறது என்பதற்கு நான் நல்ல உதாரணம். ஆள் குறைவான இடம் என்றால் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்திலாவது பதிந்துகொள்ளுங்கள். 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது, 18 வயது முதல் 60 வயது வரை பதியலாம், விபத்துக்கு உதவித்தொகை உண்டு.

மேலும், பனி, கரும்பச்சை என்றெல்லாம் எழுதினால் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த அழகைக் காட்டித்தான் கூலியைக் குறைக்கிறார்கள்.

பூங்கா அக்கா | ஜனவரி 7, இரவு 8.30

நான் மைதானத்தில் வேலை பார்த்தவள் அல்ல. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பூங்காக்களில் ஒப்பந்த ஆளாக ஒன்பது ஆண்டுகள் பெருக்கி, தண்ணீர் ஊற்றி, செடி வெட்டியவள். வேலையின் சாரம் ஒன்றுதான்.

ஆண்கள் எழுதும்போது மறந்துவிடுகிற ஒன்றை முதலில் எழுதுகிறேன். கழிப்பறை எங்கே இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் எத்தனை மணிக்கு வருவார்? எங்கள் இடத்தில் சாவி வைத்திருந்தவர் ஏழு மணிக்கு வருவார். நாங்கள் ஐந்து மணிக்கே வந்துவிடுவோம். இரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்து பழகி, அதனால் நீர்க்கடுப்பு வந்து நான் பட்ட பாட்டை எழுத மாட்டேன். தம்பி, உங்களோடு பெண்கள் வேலைக்கு வந்தால் அந்தச் சாவிக்காக நீங்களும் சேர்ந்து கேளுங்கள்.

வருகிற வழியையும் யோசியுங்கள். திருவொற்றியூர்ப் பக்கம் மெட்ரோ வந்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் நாலரை மணிக்கு உள்ளே இருக்க வேண்டியவர்களுக்கு ஐந்து மணிக்குப் புறப்படுகிற வண்டியால் என்ன பயன்? நான் நடந்துதான் போவேன். நாய்களுக்குப் பயந்து முதல் மாதம் கையில் குச்சி வைத்திருந்தேன். பிறகு முந்தின நாள் பொறை இரண்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு அவையே என்னைக் கேட் வரை கொண்டுவந்து விட்டன.

பருவம் என்று நீங்கள் ஆட்டத்தை வைத்துச் சொல்கிறீர்கள். எங்களுக்கு மரம்தான் பருவம். மாசி, பங்குனியில் புங்கமரம் ஒட்டுமொத்தமாக இலை உதிர்க்கும். பெருக்கி முடித்து நிமிர்ந்தால் பின்னால் மறுபடியும் உதிர்ந்து கிடக்கும். அதன் பின் இளம் பச்சைத் துளிர் வரும், பூ வரும், அந்தப் பூவும் பொரி போலக் கொட்டும். காற்றடிக்கும் முன்பே பெருக்கிவிட வேண்டும் என்பதற்காகத்தான் விடியலில் வரச் சொல்கிறார்கள். குவித்த சருகுக்குத் தீ வைக்கச் சொல்லும் மேற்பார்வையாளர் இருந்தால் சம்மதிக்காதீர்கள். புகையைக் குடிப்பது முதலில் நீங்கள்தான். ஒரு மூலையில் குழி வெட்டிப் போட்டு, அவ்வப்போது நனைத்துவிட்டால் அடுத்த பருவத்துக்கு உரம்.

சும்மா ஒன்று. ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் நடந்த திமுகவின் தொடக்கப் பொதுக்கூட்டத்தைப் பற்றிப் பேசாதவர் எங்கள் பக்கம் கிடையாது. அத்தனை பேர் மிதித்த சேற்றை மறுநாள் காலையில் யார் சமன் செய்தார்கள் என்று நான் மட்டும் அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

பி.இ.டி. சுண்ணாம்புக்கோடு | ஜனவரி 8, காலை 9.20

நான் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். இதில் கற்றுக்கொள்ளத் தொழில் உண்டா என்று மூலக்கடைக்காரர் கேட்டிருந்தார். கோடு போடுவதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால், பள்ளி விளையாட்டு விழாக்களுக்கு உங்களைத் தேடி வந்து அழைப்பார்கள். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன், ஏனென்றால் அப்படி ஆள் தேடி அலைந்தவன் நான்.

கால்பந்து மைதானத்தின் நான்கு மூலைகளும் செங்கோணமாக இல்லாவிட்டால், எத்தனை அழகாகக் கோடு இழுத்தாலும் கோலுக்கு முன்னால் உள்ள தண்டனைப் பகுதி (பெனால்டி ஏரியா) கோணலாகத்தான் வரும். முளைக்குச்சி, சணல் கயிறு, நீளமான டேப், இவை போதும். ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர், குறுக்கே 5 மீட்டர் வந்தால் செங்கோணம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 3, 4, 5 வைத்துப் பிடித்தால் மூலையில் நேர்கிற இரண்டு விரற்கடைப் பிழை நூறு மீட்டர் தள்ளி ஓர் ஆள் அகலமாகிவிடும். 6, 8, 10 என்றோ அதன் இருமடங்காகவோ பிடியுங்கள். நடுவட்டத்துக்கு 9.15 மீட்டர் கயிறு. தண்டனைப் பகுதி கோல் கம்பத்தின் உள்விளிம்பிலிருந்து 16.5 மீட்டர், கோட்டின் அகலம் 12 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கயிறு பனியில் நனைந்தால் நீளம் மாறும். ஆகவே வட்டத்துக்கு வைத்திருக்கும் கயிற்றைத் தினமும் டேப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான் சரிபார்க்காமல் போட்ட ஒரு வட்டத்தை மாவட்ட அளவிலான ஆட்டத்தின் நடுவர் காலடி வைத்தே கண்டுபிடித்துவிட்டார், அது இன்றுவரை மறக்கவில்லை.

சுண்ணாம்பைப் பற்றி எச்சரிக்க வேண்டும். விலை மலிவு என்று வெள்ளையடிக்கிற சுண்ணாம்புத் தூளை வாங்கிக் கொடுப்பார்கள். நீர்த்த சுண்ணாம்பானாலும் அது காரம். வியர்த்த தோலில் படிந்தால் புண்ணாக்கும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. சாக் பவுடர் கேளுங்கள். எதிர்க்காற்றில் போடாதீர்கள். விழுந்துவிட்டால் கண்ணைக் கசக்காமல் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். கோடு அழியாமல் இருக்க வேண்டும் என்று பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுகிற வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அந்தக் கோட்டில் பிறகு புல் முளைக்காது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

மூலக்கடைக்காரன் | ஜனவரி 14, இரவு 7.50

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள். நாளை மறுநாள் சேருகிறேன். கொருக்குப்பேட்டை அண்ணன் சொன்னபடி கேட்டேன். மொத்தம் ஏழு பேர்தானாம், ஈஎஸ்ஐ கிடையாது என்றார்கள். வாரியத்தில் பதிய விண்ணப்பம் போட்டுவிட்டேன். பாதுகாப்புக் கண்ணாடியை நானே வாங்கிக்கொண்டேன். சாவி காவலாளியிடம் இருக்கிறது, அவர் இரவு முழுவதும் அங்கேயே இருப்பார், அக்கா.

ஒரு சந்தேகம். அங்கே கிணற்றுத் தண்ணீர் போதாமல் லாரித் தண்ணீரும் வாங்குகிறார்கள். கால்பந்துப் பக்கத்தில் சில இடங்களில் புல் திட்டுத் திட்டாகக் காய்ந்து, மண்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சுண்ணாம்பு கொட்டியது என்று நினைத்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது.

எண்ணூர்க் காற்று | ஜனவரி 14, இரவு 9.10

அது உப்பு. எங்கள் பக்கத்தில் இது பழைய கதை. மீஞ்சூர்ப் பகுதியில் 1960-களிலிருந்து நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. கடற்கரையை ஒட்டிய கிணறுகளில் நல்ல தண்ணீர் கிடைப்பதே அரிது. மாதவரம் உள்ளே தள்ளி இருப்பதால், உங்களுடையது லாரித் தண்ணீரின் உப்பாகவும் இருக்கலாம். லாரி வந்ததும் ஒரு வாய் ருசித்துப் பாருங்கள்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் தவறு. நீர் ஆவியாகிவிடும், உப்பு மேலேயே தங்கிவிடும். நல்ல தண்ணீர் கிடைக்கிற நாளில் ஒரே தடவை தாராளமாக விட்டு உப்பை வேருக்குக் கீழே தள்ளுங்கள். அதுவும் விடியற்காலையில்: காற்று இருக்காது, ஆவியாவது குறைவு, வெயில் வந்ததும் இலை உலர்ந்துவிடும் என்பதால் பூஞ்சணமும் பிடிக்காது. இரவில் விட்டால் விடியும் வரை இலை ஈரமாகவே கிடக்கும்.

உங்கள் மைதானத்தில் இருப்பது அறுகம்புல்லாகத்தான் இருக்கும். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே புல்தான். விற்கிறவர்கள் பெர்முடா என்று பெயர் சொல்லி விலை ஏற்றுவார்கள். உப்பைத் தாங்கும், மிதியைத் தாங்கும், நிழலை மட்டும் தாங்காது.

நீங்கள் கொடுத்துவைத்தவர். எங்களுக்கு விடியலில் தரைக்காற்று மேற்கிலிருந்து வரும். மணலித் தொழிற்சாலைகளின் வாடையோடுதான் திருவொற்றியூரில் துடைப்பத்தை எடுப்போம்.

மூலக்கடைக்காரன் | மார்ச் 10, பகல் 12.30

இரண்டு மாதம் ஆகப்போகிறது. பெரியவர் சொன்ன கட்டை விரல் சோதனை பிடிபட்டுவிட்டது. தூக்கம் இன்னும் பிடிபடவில்லை.

இன்று எழுதக் காரணம் நெருஞ்சி. கால்பந்துப் பக்கத்தின் வடகிழக்கு மூலையில் மஞ்சள் பூவாகப் படர்ந்திருக்கிறது. மேற்பார்வையாளர், பிரஷ் கட்டரில் ஓட்டிவிட்டுப் போ என்கிறார். ஆனால் மாலையில் பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகள் வெறுங்காலோடு வந்து ஆடுவது அந்த மூலையில்தான். அவர்களுக்கு முழு மைதானம் கிடையாது.

பழைய ரோலர் | மார்ச் 10, மாலை 5.45

கட்டரில் ஓட்டாதீர்கள். நெருஞ்சி தரையோடு தரையாகப் படர்வது; மெஷின் மேலே தடவிக்கொண்டு போகும், காய்கள் சிதறும். காய் ஒவ்வொன்றும் ஐந்தாக உடையும். உடைந்த ஒவ்வொரு துண்டிலும் முள் உண்டு, விதையும் உண்டு. ஒன்றை ஐந்தாக்கி விதைத்துவிட்டு வந்தது போல ஆகிவிடும். நடுவில் ஒரே ஆணிவேர்தான். களைக்கொத்தியால் அதன் கழுத்துக்குக் கீழே வெட்டி, கொடியைப் பாய் சுருட்டுவது போல வெளியிலிருந்து உள்ளே சுருட்டிச் சாக்கில் போடுங்கள். பிறகு நனைந்த கோணிப்பையைத் தரையில் விரித்து அதன்மேல் நடந்தால், உதிர்ந்த காய்கள் கோணியில் குத்தி ஏறிவிடும். பூவாக இருக்கும்போதே எடுத்தால் ஒரு காலை வேலை. காய்த்த பிறகு என்றால் மூன்று ஆண்டு வேலை.

கோரை இருந்தால் அது வேறு கதை. கிழங்கோடு தோண்டாமல் பிடுங்கினால் மறுவாரமே சிரித்துக்கொண்டு நிற்கும்.

கொருக்குப்பேட்டை கேட் | மார்ச் 10, இரவு 9.00

பிள்ளைகளுக்காக எடுங்கள், மறுக்கவில்லை. ஆனால் மேற்பார்வையாளர் சொல்லாத வேலைக்கு 10.30-க்கு மேல் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். ஒரு நாள் நின்றால் மறுநாள் அது உங்கள் வேலையாகிவிடும்.

பழைய ரோலர் | மார்ச் 11, காலை 11.40

கேட் அவர்களே, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது; கூலி விஷயத்தில் உங்களோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் குறையை நீங்கள் நாலரை மணியிலும் பத்தரை மணியிலும் தேடுகிறீர்கள். எனக்கு அது மே 31-இல் இருப்பதாகப் படுகிறது.

மைதானம் உருவாவது ஆட்டம் நடக்கிற மாதங்களில் அல்ல. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்துவிடுகிறது. எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்தப் பக்கம் வடிகிறது, எங்கே மண் அமுங்கிக் கல்லாகிவிட்டது என்று அப்போதுதான் தெரியும். அப்போது கடப்பாரையால் துளை போட்டு மணல் நிரப்ப வேண்டும். புல் வேர் பிடிக்கிற காலமும் அதுதான். வெயில் காலத்தில் நாம் செய்வது, மழைக்காலத்தில் செய்ததைச் செலவழிப்பது. பருவ ஆளுக்கோ மே மாதத்தோடு கணக்கு முடிகிறது. மழையில் இருவர்தான் இருப்பார்கள், அவர்களும் பம்புசெட்டையும் கேட்டையும் பார்த்துக்கொள்வார்கள். தை பிறந்ததும் புது ஆட்கள் வந்து, போன ஆண்டு எதற்காக எதைச் செய்தார்கள் என்றே தெரியாமல், முதலிலிருந்து தொடங்குவார்கள்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது நாங்கள் அப்படித்தான் மாட்டிக்கொண்டோம். எல்லைக்கோட்டை ஒட்டி நின்ற குல்மோகர் மரங்கள் இரண்டு வேரோடு சாய்ந்தன. மரத்தை அறுத்து எடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வேர் பெயர்ந்த குழிகள் மட்டும் இடுப்பளவு ஆழத்துக்குக் கிடந்தன. தை மாதம் வந்த புது ஆட்கள் கட்டட இடிபாட்டையும் மண்ணையும் கலந்து ஒரே நாளில் கொட்டி, மேலே ரோலரை ஓட்டி, பச்சைப் புல் பதித்துவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மழையில் இரண்டு இடமும் தட்டுப் போல உள்வாங்கின. அரையடி மண், மிதி, தண்ணீர், மறுபடியும் அரையடி என்று அடுக்கடுக்காக நிரப்பியிருக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஆள், அந்த மாதங்களில் கூலி இல்லாததால் மூலக்கொத்தளத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அது நான்தான்.

பூங்கா அக்கா | மார்ச் 11, இரவு 8.15

ஐயா சொல்வது பூங்காவுக்கும் பொருந்தும். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் செடி வைத்தவள் ஒருத்தி, பூ பார்த்தவள் வேறொருத்தி. நான் நட்ட பவழமல்லி பூத்ததை, வேலை போன பிறகு நடைப்பயிற்சிக்கு வந்தவள் போல வெளியிலிருந்து போய்ப் பார்த்தேன். காவலாளிக்கு என்னைத் தெரியவில்லை, ஆறு மணிக்குத்தான் பொதுமக்களுக்கு அனுமதி என்றார்.

மூலக்கடைக்காரன் | ஜூன் 2, காலை 10.10

நேற்று முன்தினத்தோடு பருவம் முடிந்தது. பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பது விநோதமாக இருக்கிறது. இன்றும் நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது.

கத்திரி வெயிலின் 25 நாள்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெப்பத்தைவிடப் புழுக்கம்தான் கொன்றது. ஆறு மணிக்கே சட்டை பிழியும்படி இருக்கும், வியர்வை உலரவே உலராது. கடற்காற்று திரும்புவதற்குள் நாங்கள் வீட்டுக்குப் போயிருப்போம். ஒருநாள் ஒன்பது மணிக்கு ரோலரின் கைப்பிடியைப் பிடித்தபடியே கண் இருட்டிவிட்டது. உடன் இருந்த அண்ணன் நிழலில் படுக்கவைத்து, நீராகாரத்தில் உப்புப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு எப்போதும் பையில் இருந்தது. மேற்பார்வையாளர் அன்றைய அரை நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார் என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட் அண்ணன் கேட்பார்.

நெருஞ்சியைப் பூவிலேயே எடுத்துவிட்டேன். இரண்டு காலை ஆயிற்று, சாக்கு மூன்று நிரம்பியது. ஏப்ரலில் ஒரு மாலை, மறந்துவைத்த டிபன் பாக்ஸை எடுக்கப் போனபோது பிள்ளைகள் அந்த மூலையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் நின்றேன். ஒருவன்கூட ஒற்றைக் காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்க்கவில்லை. நாங்கள் ஆடிய காலத்தில் கோல் அடித்ததைவிட அப்படி நின்றதுதான் அதிகம். நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. பந்து என் பக்கம் உருண்டு வந்தபோது, அண்ணா தட்டுங்கள் என்றார்கள், தட்டிவிட்டு வந்தேன்.

கடைசி நாள் கணக்கு முடிக்கும்போது, பெரியவர் மார்ச்சில் எழுதியதை என் வார்த்தையில் சொல்லி, மழைக்காலத்தில் வாரம் இரண்டு நாளாவது வேலை கொடுங்கள், வடகிழக்கு மூலையில் தண்ணீர் தேங்கும் என்று நினைக்கிறேன், அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். மைதானப் பொறுப்பாளர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, ஐப்பசியில் வா, பார்க்கலாம் என்றார். அதுவரை மாதவரத்தில் ஒரு கிடங்கில் வேலைக்குப் பேசியிருக்கிறேன்.

கொருக்குப்பேட்டை கேட் | ஜூன் 2, காலை 10.45

எழுதி வாங்கினீர்களா?

மூலக்கடைக்காரன் | ஜூன் 2, காலை 11.00

இல்லை அண்ணா. ரப்பர் பூட்ஸைத் திருப்பிக் கொடுக்க வியாழக்கிழமை போகிறேன், அப்போது கேட்கிறேன்.

பழைய ரோலர் | ஜூன் 2, மாலை 6.20

பூட்ஸைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஐப்பசியில் தேவைப்படும் என்று சொல்லி, அதைச் சேர்த்தே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.